பல் மட்டும் தனிக்கணக்கு

மலர்க் குழுவிலிருந்து வந்த கடிதத்தில், "கொரோனா காலத்தைப் பற்றி வரலாற்றுத் துறைக்காரர் யாராவது எழுதினால் நல்லது. டாக்டருக்குப் படித்த நம் பழைய மாணவர்கள் நுரையீரலைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள்" என்று ஒரு வரி இருந்தது. சரி, நுரையீரல் அவர்களுக்கே இருக்கட்டும், நான் பல்லை எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதிவிட்டேன். நண்பர்கள் சிரிக்க வேண்டாம். விடுதிச் சோற்றில் கல் பொறுக்கிச் சாப்பிட்ட தலைமுறை நாம். பல்லின் அருமை நமக்குத் தெரியாதா?

நான் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் 1989 முதல் இருக்கிறேன். இருந்த வேலை கணக்கு எழுதும் வேலை, படித்த படிப்பு சரித்திரம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? எந்தச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது, ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தோண்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். இங்கே அறுபது வயது ஆனவருக்கு மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது. கண் பரிசோதனைக்குக் காசு கிடையாது. இருதய ஆபரேஷன் செய்தாலும் காசு கிடையாது. பல்லுக்கு மட்டும் உண்டு. ஒரே உடம்பில் இருக்கிற பல் மட்டும் எப்படித் தனிக்கணக்குக்குப் போயிற்று? பெருந்தொற்று வந்தபோது இந்த நாட்டில் ஏழைகளும் நடுத்தரத்தாரும் பல் வலிக்கு வைத்தியம் கிடைக்காமல் தவித்ததற்குக் கொரோனா மட்டுமே காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கதவு பாதி சாத்தியே இருந்தது. கொரோனா வந்து முழுக்கச் சாத்தியது, அவ்வளவுதான்.

2020 மார்ச் 23-ஆம் தேதி இரவு பிரதமர் ஜான்சன் ஊரடங்கை அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, மார்ச் 25-ஆம் தேதி, இங்கிலாந்தின் தலைமைப் பல் மருத்துவ அதிகாரியிடமிருந்து எல்லாப் பல் மருத்துவமனைகளுக்கும் கடிதம் போயிற்று. அவசரமில்லாத சிகிச்சை அனைத்தையும் நிறுத்துங்கள், நோயாளியை நேரில் பார்க்க வேண்டாம், தொலைபேசியில் பேசுங்கள் என்று உத்தரவு. தொலைபேசியில் கொடுக்கக்கூடியவை மூன்றே மூன்று: அறிவுரை, வலி மாத்திரை, கிருமிக்கொல்லி மருந்து. ஆங்கிலத்தில் மூன்றும் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்குவதால் 'ட்ரிபிள் ஏ' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைப்பதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அதற்கு மேலும் வேண்டியவர்களை 'அவசரப் பல் மையங்கள்' என்று சில இடங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அந்த மையங்கள் உடனே முளைத்துவிடவில்லை. முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் ஆஸ்பத்திரிகளுக்கே போதாத நேரம் அது. வாரக்கணக்கில் இழுத்தது.

அந்த ஏப்ரலில் எனக்கும் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று வீங்கியது. தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், மருந்துக் கடைக்குச் சீட்டு வந்தது, மாத்திரை போட்டதும் வீக்கம் வடிந்தது. மே மாதம் திரும்பி வந்தது, கூடவே காய்ச்சலையும் அழைத்துக்கொண்டு. நாற்பது மைல் தள்ளி இருந்த ஒரு மையத்துக்குப் போகச் சொன்னார்கள். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு நின்ற அந்த இளம் டாக்டரம்மா முகத்தை நான் பார்க்கவே இல்லை, கண் மட்டும்தான் தெரிந்தது. "இந்தப் பல்லை வேர் சுத்தம் செய்து காப்பாற்றலாம் ஐயா, ஆனால் இப்போது டிரில் போட எங்களுக்கு அனுமதி இல்லை. பிடுங்கத்தான் முடியும்" என்றார். பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் இருக்கிறார். அவருடைய பல் கவசம் கழன்று விழுந்துவிட்டது. நாற்காலிக் கால் ஒட்டுகிற பசையை வைத்து அவரே ஒட்டிக்கொண்டார். "இது மூன்றாவது தடவை" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்துக்காட்டினார். சிரிக்கும்போது அது லேசாகக் கோணலாகத் தெரிந்தது.

இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். கட்டுரைக்குச் சரித்திரம் என்று தலைப்பில் இடம் கொடுத்திருக்கிறார்களே!

1911-இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசிய இன்சூரன்ஸ் சட்டம் தொழிலாளிக்கு டாக்டரைக் கொடுத்தது, பல் டாக்டரைக் கொடுக்கவில்லை. இன்சூரன்ஸை நடத்திய சங்கங்களில் எவற்றுக்குப் பணம் மிஞ்சியதோ அவை மட்டும் பல்லுக்கும் ஏதோ கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். பணம் மிஞ்சிய சங்கம் எது? நோய் குறைவாக வருகிற, நல்ல சம்பளக்காரர்கள் இருக்கிற சங்கம். சுரங்கத் தொழிலாளியின் சங்கத்தில் என்ன மிஞ்சும்? ஆக, பல் தனிக்கணக்குக்குப் போனது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

பல் வைத்தியம் கட்டாதவர்கள் என்ன செய்தார்கள்? மொத்தமாகப் பிடுங்கிவிட்டார்கள். இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு பெண்ணுக்குப் பரிசாக இருக்கிற பல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுப் பொய்ப்பல் செட் வாங்கிக் கொடுப்பது இந்த நாட்டின் சில பகுதிகளில் வழக்கமாக இருந்தது. கட்டிக்கொள்கிறவனுக்குப் பின்னால் பல் செலவு வரக்கூடாதாம்! நம் ஊரில் பெண்ணுக்கு வெள்ளிக் குடமும் குத்துவிளக்கும் சீர் வைத்தார்கள். இவர்கள் பல் செட் வைத்தார்கள். முதல் தடவை படித்தபோது நம்பவில்லை. இங்கே வயதான அம்மாக்களிடம் கேட்டபோது, "எங்க அக்காவுக்கு அப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். 1968-இல் முதல்முறையாக வயது வந்தவர்களின் பல்லை நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 37 சதவீதம் பேருக்கு வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை.

1948 ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. இதைக் கொண்டுவந்த அமைச்சர் அனூரின் பெவன் வேல்ஸில் பிறந்தவர், பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து, கண்ணாடி, பல், எல்லாம் இலவசம். அன்றைக்கு ஆரம்பித்த கூட்டம் யாரும் எதிர்பார்க்காதது. பல வருஷமாக வலியைப் பொறுத்துக்கொண்டு, துணியைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமே மென்று பழகிய ஜனங்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வந்து நின்றார்கள். சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் டாக்டருக்குத் தனித்தனியாகப் பணம் என்று இருந்ததால் பல் டாக்டர்கள் இரவு பகலாக வேலை பார்த்து நன்றாகச் சம்பாதித்தார்கள். அரசாங்கம் சில மாதங்களிலேயே அவர்களுடைய கட்டணத்தைக் குறைத்தது. போட்ட பட்ஜெட் எங்கேயோ, ஆன செலவு எங்கேயோ.

இந்த இடத்தில்தான், என் கணக்கில், பல்லின் தலைவிதி எழுதப்பட்டது. 1950-இல் கொரியாவில் யுத்தம் வந்தது. பிரிட்டன் மூன்று ஆண்டுகளில் 470 கோடி பவுண்டு ராணுவத்துக்குச் செலவு செய்வது என்று தீர்மானித்தது. பணம் வேண்டும். 1951 ஏப்ரலில் நிதி அமைச்சர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல் பட்ஜெட்டில் ஒன்றைச் சொன்னார்: பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை இனி ஜனங்கள் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டில் இதனால் மிச்சமாகக்கூடிய தொகை 1 கோடியே 30 லட்சம் பவுண்டு. 470 கோடிக்குப் பக்கத்தில் 1 கோடியே 30 லட்சம்! எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு சிக்கனத் திட்டத்தை யாராவது கொண்டுவந்திருந்தால் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருப்போம்.

பெவன் ராஜினாமா செய்தார். அவரோடு ஹெரால்டு வில்சனும் ஜான் ஃப்ரீமனும் வெளியேறினார்கள். பல் செட்டுக்காக மந்திரி பதவியை விடுவதா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. பல் செட்டுக்காக இல்லை. இலவசம் என்று சொன்ன சுவரில் ஒரு செங்கல்லை உருவினால் அடுத்த செங்கல் தானாக வரும் என்பது பெவனுக்குத் தெரிந்திருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தொழிற்கட்சி தேர்தலில் தோற்றது. பின்னால் வந்த சர்ச்சில் அரசாங்கமே அந்த ராணுவச் செலவுத் திட்டத்தை மூன்று ஆண்டில் முடிக்க முடியாது என்று நீட்டிவிட்டது. ஆனால் பல்லுக்குப் போட்ட கட்டணத்தை எடுக்கவில்லை. மாறாக 1952 ஜூன் முதல், பொய்ப்பல் மட்டுமல்ல, சாதாரணப் பல் சிகிச்சைக்கும் 1 பவுண்டு வரை கட்டணம் என்றார்கள். யுத்தம் 1953-இல் நின்றது. கட்டணம் நிற்கவில்லை. தற்காலிகம் என்று போட்ட எந்த வரியும் எந்த நாட்டிலும் திரும்பிப் போனதாக நான் படித்ததில்லை.

இடையில் வந்த நாற்பது ஆண்டுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். கட்டணம் ஏறிக்கொண்டே வந்தது, பல் டாக்டர்கள் அரசாங்க வேலையையும் தனியார் வேலையையும் ஒரே கூரையின்கீழ் பார்த்து வந்தார்கள். இங்கே ஒரு விஷயத்தை நம் மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் இருக்கும் பல் மருத்துவமனை அரசாங்கக் கட்டிடம் அல்ல. டாக்டர் சொந்தமாக நடத்துகிற தொழில் அது. அரசாங்கம் அவரிடம் வேலையைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. குத்தகைப் பணம் கட்டுபடியானால் செய்வார், கட்டாவிட்டால் தனியார் நோயாளியைப் பார்ப்பார். 1992-இல் அரசாங்கம் கட்டணத்தில் 7 சதவீதத்தை வெட்டியது. ஏராளமான டாக்டர்கள் அரசாங்க நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். 1999-இல் பிரதமர் டோனி பிளேர், இன்னும் இரண்டு ஆண்டில் எல்லாருக்கும் அரசாங்கப் பல் டாக்டர் கிடைப்பார் என்று கட்சி மாநாட்டில் வாக்குக் கொடுத்தார். 2004 பிப்ரவரியில் ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் ஒரு புதிய பல் மருத்துவமனை திறந்தபோது தெருக்கோடி தாண்டி வரிசை நின்றது. அந்தப் புகைப்படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ரேஷன் கடை வரிசையைப் பார்த்து வளர்ந்த எனக்கே அது புதுசாக இருந்தது.

அதற்கு மருந்தாக வந்ததுதான் 2006 ஏப்ரல் ஒப்பந்தம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் 2020-இல் நடந்ததற்கெல்லாம் சாவி இங்கேதான். பல் டாக்டர் செய்கிற வேலையை இனி 'யூ.டி.ஏ.' என்ற அலகில் அளப்பது என்று வைத்தார்கள். பல்லைப் பார்த்து அனுப்பினால் 1 அலகு. பல் அடைத்தால் 3 அலகு. பல் செட், கவசம் முதலியவற்றுக்கு 12 அலகு. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள்: 2022 வரை, ஒரு பல்லை அடைத்தாலும் 3 அலகு, அதே ஆளுக்கு ஆறு பல்லை அடைத்தாலும் 3 அலகு என்றுதான் இருந்தது! மூன்று தடவை வரச் சொல்லி வேர் சிகிச்சை செய்தாலும் 3, ஐந்து நிமிஷத்தில் பிடுங்கிப் போட்டாலும் அதே 3 என்று இருந்தது. வருஷக்கணக்காகப் பல் டாக்டரைப் பார்க்காத ஏழை ஒருவர் வாய் நிறையச் சொத்தையோடு வந்தால் டாக்டருக்கு நஷ்டம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிற, பல் நன்றாக இருக்கிற ஆள் லாபம். டாக்டர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு அவர்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சொல்கிறேன். 2008-லேயே பாராளுமன்றத்தின் சுகாதாரக் குழு இந்த ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை கொடுத்தது. இடையிடையே ஒட்டுப் போட்டார்களே தவிர அடிப்படை மாறவில்லை.

இந்த நிலையில்தான் கொரோனா வந்தது.

பல் டாக்டரின் வேலை இருக்கிறதே, அது மற்ற வைத்தியம் போல அல்ல. நோயாளியின் திறந்த வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் முகம். டிரில் நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான தடவை சுற்றுகிறது. சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சுகிறது. அந்தத் தண்ணீரும் எச்சிலும் சேர்ந்து பனிப்புகை போல அறை முழுவதும் நிற்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் எந்தத் தொழிலுக்கு ஆபத்து அதிகம் என்று ஒரு படம் போட்டபோது பல் மருத்துவத் துறையினர் உச்சியில் இருந்தார்கள். இந்தத் தொழிலை ஒரு தொற்றுநோய் உலுக்கியது இது முதல் தடவையும் அல்ல. நாம் கல்லூரியில் படித்த நாளில் பல் டாக்டர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெறும் விரலை வாய்க்குள் விட்டது ஞாபகம் இருக்கிறதா? கையுறை எங்கும் வழக்கமானது 1980-களில் எய்ட்ஸ் பயம் வந்த பிறகுதான். ஆனால் கையுறை செலவு சில்லறைச் செலவு. கொரோனா கேட்டது நேரம். அதுதான் விலை அதிகம்.

2020 ஜூன் 8-ஆம் தேதி பல் மருத்துவமனைகளைத் திறக்கலாம் என்றார்கள். ஆனால் டிரில் போட்ட ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் அறையைச் சும்மா பூட்டி வைக்க வேண்டும், காற்றில் நிற்பது கீழே படியட்டும் என்று. ஆரம்பத்தில் அது ஒரு மணி நேரம். நிலத்தைத் தரிசு போடுவதற்குச் சொல்கிற வார்த்தையைத்தான் ஆங்கிலத்தில் அதற்கும் வைத்தார்கள். டாக்டர், நர்ஸ், வாடகை, மின்சாரம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், நாற்காலி மட்டும் தரிசு. பெரிய கட்டிடத்தில் நாலு அறை வைத்திருப்பவர் ஒன்றைப் பூட்டிவிட்டு இன்னொன்றில் வேலை பார்க்கலாம். ஒரே அறை வைத்திருக்கிற சின்ன ஊர் டாக்டர் என்ன செய்வார்? பாதுகாப்பு உடைக்கு வேறு யானை விலை, குதிரை விலை.

அரசாங்கம் டாக்டர்களைக் கைவிட்டுவிடவில்லை. குத்தகைப் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாக அவர்கள் செய்ய வேண்டிய அலகுகளைக் குறைத்து வைத்தது. 2020 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வழக்கமான வேலையில் 20 சதவீதம் செய்தால் போதும். 2021 ஜனவரி முதல் 45, ஏப்ரல் முதல் 60, அக்டோபர் முதல் 65, 2022 ஜனவரி முதல் 85, ஏப்ரல் முதல் 95. மீண்டும் 100 ஆனது 2022 ஜூலையில்தான். இந்த எண்களைச் சும்மா படித்துவிட்டுப் போகாமல் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இரண்டேகால் ஆண்டு அரசாங்கப் பல் வைத்தியம் குறைந்த அளவில் நடந்தது. கூடவே, 20 சதவீதம் முடித்த டாக்டர் மீதி நேரத்தில் தனியார் நோயாளியைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை. ஹெல்த்வாட்ச் என்று நோயாளிகள் பக்கம் நின்று பேசுகிற ஓர் அமைப்பு இங்கே உண்டு. அது வெளியிட்ட அறிக்கைகளில் இது வந்திருக்கிறது: அரசாங்கக் கணக்கில் இடம் இல்லை, தனியாராக வந்தால் அடுத்த வாரமே பார்க்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள், காத்திருந்து பார்த்துத் தாங்களே பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள்.

காசு வித்தியாசம் எவ்வளவு என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில் அரசாங்கக் கட்டணம் ஏறிய பிறகு, பல்லைப் பார்க்க 23.80 பவுண்டு, அடைப்பதற்கோ பிடுங்குவதற்கோ 65.20, பல் செட்டுக்கு 282.80. ஆமாம், ஊரே வேலை இழந்து நின்ற அந்தக் குளிர்காலத்தில்தான் ஏற்றினார்கள். ஏப்ரலில் ஏற்ற வேண்டியதைத் தள்ளிப்போட்டோம் என்று சமாதானம் சொன்னார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், அரசு உதவியில் வாழும் பரம ஏழைகள் இவர்களுக்கு இலவசம். ஆனால் உள்ளே விட ஆள் இருந்தால்தானே இலவசம்? தனியாரில் ஒரு கடைவாய்ப்பல் வேர் சிகிச்சைக்குப் பல நூறு பவுண்டு. உதவித் தொகைக்குத் தகுதி இல்லாத, தனியாருக்கும் வசதி இல்லாத ஜனங்கள் இருக்கிறார்கள் பாருங்கள், கடையில் அடுக்குகிறவர், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், அவர்கள்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வேலைக்குப் போனவர்களும் அவர்களேதான்.

2019-20-இல் இங்கிலாந்தில் அரசாங்கக் கணக்கில் நடந்த பல் சிகிச்சைகள் 3 கோடியே 84 லட்சம். 2020-21-இல் 1 கோடியே 20 லட்சம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த நாட்டில் ஐந்திலிருந்து ஒன்பது வயதுக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணமே சொத்தைப் பல் பிடுங்குவதுதான். மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்குவார்கள். அந்த எண்ணிக்கையும் அந்த ஆண்டு பாதிக்கும் கீழே இறங்கியது. பல் நன்றாகிவிட்டதால் அல்ல, ஆபரேஷன் அறைகள் மூடியிருந்ததால். அந்தப் பிள்ளைகள் வலியோடு வீட்டில் இருந்தார்கள். பள்ளிக்கூடமும் மூடியிருந்ததால் வாத்தியார் கண்ணிலும் படவில்லை.

கொரோனா தணிந்த பிறகு சரியாகிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. 2022 ஆகஸ்டில் பி.பி.சி. நாடு முழுவதும் ஏறக்குறைய 7,000 பல் மருத்துவமனைகளை விசாரித்தது. புதிதாக வருகிற பெரியவர்களை அரசாங்கக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று பத்தில் ஒன்பது சொல்லிவிட்டன. பெருந்தொற்றில் தனியார் பக்கம் சாய்ந்த டாக்டர்கள் பலர் திரும்பவில்லை. எங்கள் நார்ஃபோக்குக்குப் பத்திரிகைகள் 'பல் பாலைவனம்' என்று பெயர் சூட்டின. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால்ஸ் என்ற பகுதியில் ஒரு பல் மருத்துவமனை அரசாங்க நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியபோது வரிசையை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வர வேண்டியிருந்தது. அது பெரும்பாலும் தொழிலாளிகளும் கறுப்பின மக்களும் வாழ்கிற பகுதி. ஸ்கார்பரோ வரிசைக்கும் இதற்கும் சரியாக இருபது ஆண்டு. அதே வாரம் அரசாங்கம் ஒரு மீட்புத் திட்டம் வெளியிட்டது. டாக்டர் இல்லாத ஊருக்குப் போகிற டாக்டருக்கு 20,000 பவுண்டு, நெடுநாள் வராத நோயாளியைப் பார்த்தால் கூடுதல் தொகை என்று. 1951-இல் பிரிந்த கணக்கை மறுபடி சேர்ப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

இங்கிலாந்துக் கதை போதும், நம் பக்கத்துக் கதை என்ன என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. ஒரு பொருத்தம் இருக்கிறது. லண்டனில் சுகாதாரச் சேவை தொடங்கிய அதே 1948-இல், மார்ச் 29-ஆம் தேதி, நம் நாட்டில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது மூன்று லட்சம் பேருக்கு ஒரு பல் மருத்துவர் என்று இருந்த நாடு இது. சென்னையில் பல் மருத்துவக் கல்வி தொடங்கியதே 1953-இல்தான். அதற்குள் வலி காத்திருக்குமா? படித்த டாக்டர் இல்லாத இடத்தில் தொழில் கற்றவர்கள் வேலை பார்த்தார்கள். அதனால்தான் அந்தச் சட்டம் பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. பட்டம் பெற்றவர்கள் 'ஏ' பகுதியில், பட்டம் இல்லாமல் அனுபவத்தில் தொழில் செய்துவந்தவர்கள் 'பி' பகுதியில்.

நம் கல்லூரி ஊரில் பஜார் தெரு மாடியில் இருந்த சைனாக்காரர் பல் ஆஸ்பத்திரி பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். வாசலில் பெரிய பல் செட் படம் போட்ட பலகை. விடுதிக்காரர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கல் கடித்துப் பல் உடைந்தால் அங்கேதான். காசு குறைவாகக் கேட்பார், குறைந்ததையும் மாதக் கடைசி என்றால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்வார். தமிழை அவர் பேசுகிற அழகைக் கேட்கவே சிலர் துணைக்குப் போவார்கள். இந்தியாவுக்கு வந்த சீனர்களில் பல் வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் பெரும்பாலும் ஹூபே மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். கல்கத்தாவில், சென்னையில், இன்னும் பல ஊர்களில் பரவினார்கள். ஹூபேயின் தலைநகரம் எது தெரியுமா? வூஹான். ஆமாம், 2019 கடைசியில் அந்த நோய் முதலில் தெரிய வந்த அதே வூஹான்.

2020-இல் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதை நண்பர்கள் நேரிலேயே பார்த்தீர்கள். மே 19-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பல் மருத்துவமனைகளுக்கு விதிமுறை வெளியிட்டது. தடைசெய்யப்பட்ட பகுதியில் திறக்கக் கூடாது, சிவப்பு மண்டலத்தில் அவசரத்துக்கு மட்டும் என்று. மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருந்தவர்களுக்கும் பல்லுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாலொழியப் பல் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. இங்கேயும் பல் தனிக்கணக்குதான். என் வகுப்புத் தோழன் ஒருவன், பெயர் சொன்னால் அடிக்க வருவான், அந்த ஆகஸ்டில் போனில் புலம்பினான்: "டேய், பல்லு பிடுங்கினதுக்கு ஆயிரம் ரூபா. அந்த டாக்டர் போட்டிருந்த வெள்ளை உடுப்புக்கு எழுநூறு ரூபா பில்லு போட்டுட்டாங்கடா. உடுப்பை நானா கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோறேன்?" சிரித்தோம். அவனுக்குப் பென்ஷன் வருகிறது, கொடுத்தான். அவன் வீட்டு மாடியில் குடியிருந்த தையல்காரர் கன்னம் வீங்கி, கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினார் என்றும் அவன்தான் சொன்னான். பிறகு 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் வந்து, மேல்தாடைப் பல் ஆடுகிறது என்று போனவர்களுக்குத் தாடையையே எடுக்க வேண்டி வந்த கொடுமை தனிக் கதை. அதை டாக்டர் நண்பர்கள் யாராவது எழுத வேண்டும்.

கடைசியாக, இப்போது வரலாற்றுத் துறையில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. பல் மருத்துவர் சட்டத்தின் 'பி' பகுதிப் பதிவேட்டில் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் பெயர் இருந்தது, அவர்கள் யார், என்ன கட்டணம் வாங்கினார்கள், 1962-இல் சீன யுத்தம் வந்தபோது அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின என்று தேடினால் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும். பதிவேட்டின் பழைய பிரதிகள் சென்னையில் எங்காவது இருக்கும். பஜார் தெருவில் அந்த மாடிப்படி இன்னும் இருக்கிறது, கீழே செல்போன் கடை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கடைக்காரரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். கிடைத்ததை எனக்கும் எழுதுங்கள். என் முகவரி மலர்க் குழுவிடம் இருக்கிறது.